விக்டரியின் அலங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஆங்கிலேயக் கடற்படையின் பழைய பாய்மரப் போர்க்கப்பலான விக்டரியை, 1:100 அளவிலான மாதிரிக் கப்பல் மரக் கிட் ஒன்றிலிருந்து கட்டிவரும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. கப்பல் உடலின் முதல் பலகை அடுக்கை அவர் ஒட்டி முடித்துவிட்டார். பெட்டியோடு வந்த உலோக வார்ப்புச் சிற்பங்கள் பொம்மைபோல் தெரிகின்றன என்கிறார். அவற்றின்மேல் பொன்வண்ணம் பூசினால் போதுமா, மரத்தில் தாமே செதுக்க வேண்டுமா, அலங்கார வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பவை அவருடைய ஐயங்கள். கடைசி ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. உளியையும் தூரிகையையும் எடுப்பதற்கு முன்னால், உங்கள் கப்பல் எந்த ஆண்டின் கப்பல் என்பதைத் தீர்மானியுங்கள்.

விக்டரிக்கு 1759இல் இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் ஏராக்கட்டை (அடிமரம்) வைத்தார்கள். 1765 மே 7 அன்று கப்பல் நீரில் இறங்கியது. ஆங்கிலேயத் தளபதி நெல்சனின் தலைமைக் கப்பலாக அது போரிட்ட டிரஃபால்கர் போர் நடந்தது 1805 அக்டோபர் 21 அன்று. இடையில் ஓடிய 40 ஆண்டுகளில் அந்தக் கப்பலின் முகமே மாறிவிட்டது. 1765இல் அதன் அணியத்தில் (முன்முனையில்), அரசரின் மார்பளவுச் சிலையைச் சுற்றிப் பல உருவங்கள் நெருக்கியடித்து நின்ற பெரிய சிற்பத் தொகுதி இருந்தது. பின்புறத்தில் அதிகாரிகள் நடமாடும் திறந்த உலாமாடங்கள் இருந்தன. நீருக்கடியில் செப்புத் தகடு இல்லை, அது 1780இல்தான் அடிக்கப்பட்டது. 1800 முதல் 1803 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் உலாமாடங்களை அடைத்துச் சன்னல் வரிசைகளாக மாற்றினார்கள். பழைய சிற்பத் தொகுதியை எடுத்துவிட்டு, இரு சிறகுக் குழந்தைகள் அரச சின்னத்தைத் தாங்கி நிற்கும் எளிய முன்முகத்தை வைத்தார்கள். ஆகவே திறந்த உலாமாடமும் செப்புத் தகடும் மஞ்சள், கறுப்புப் பட்டைகளும் ஒன்றாக அமைந்த விக்டரி மாதிரியைக் காணும்போது, எந்த நாளிலும் கடலில் மிதந்திராத ஒரு கப்பலைத்தான் காண்கிறோம். எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும் அந்தக் குறை தீராது.

இது விக்டரிக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பாய்மரப் போர்க்கப்பல்களின் அலங்காரம் ஒவ்வொரு தலைமுறையிலும் அரசியலோடும் கருவூலத்தோடும் சேர்ந்தே மாறியது. 1637இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட சாவரின் ஆஃப் த சீஸ் கப்பலுக்கு ஆன மொத்தச் செலவு 65,586 பவுன். அதில் செதுக்கு வேலைக்கும் பொன் பூச்சுக்கும் மட்டும் 6,691 பவுன் போயிற்று. கறுப்புப் பின்னணியில் பொன் மட்டுமே மின்னிய கப்பல் அது. 1703இல் ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகம் செதுக்கு வேலைகளை முன்முகத்துக்கும் பின்புறத்துக்கும் மட்டுமாகக் குறைக்க உத்தரவிட்டது. 1796இல் புதிய கப்பல்களுக்கு முன்முகச் சிற்பமே வேண்டாம் என்று ஓர் ஆணை வந்தது. மாலுமிகளும் தளபதிகளும் தங்கள் கப்பலின் முகத்தை விட்டுக்கொடுக்க விரும்பாததால் அது முழுமையாக நிறைவேறவில்லை. எனவே 17ஆம் நூற்றாண்டுக் கப்பலுக்குப் பொருந்தும் அலங்காரச் செறிவை 1805இன் விக்டரியில் ஏற்றினால், கல்யாண நகைகளை அணிந்துகொண்டு போர்க்களத்துக்குப் போனதுபோல் ஆகிவிடும்.

வண்ணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் படம்தான் பலரையும் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா கப்பலை 1961இல் மேலே கொண்டுவந்தார்கள். அதில் கிடைத்த உருவச் சிற்பங்களும் அணிவேலைத் துண்டுகளுமாகச் சுமார் 700. கப்பலின் பின்னணி நீலம், சிற்பங்கள் எல்லாம் பொன் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மரத்தின் பிளவுகளில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை ஆய்ந்த பிறகு, பின்னணி சிவப்பு என்பதும், சிற்பங்களுக்குச் சதைநிறம், பச்சை, நீலம், மஞ்சள் எனப் பல வண்ணங்கள் தீட்டப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. விக்டரிக்கும் இப்படியே நேர்ந்தது. அடுக்கடுக்காகப் படிந்திருந்த பூச்சுகளை ஆராய்ந்ததன் பேரில், 2015இல் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் அசல் கப்பலுக்கே வேறு வண்ணம் அடித்தார்கள். பழைய படங்களில் நாம் பார்த்துப் பழகிய அடர்ந்த ஆரஞ்சு மஞ்சள் போய், வெளிறிய, சற்றே இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட காவி வந்தது. உங்கள் கிட் அதற்கு முன் வடிவமைக்கப்பட்டதாக இருந்தால் அதன் வண்ண அட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

ஆண்டு முடிவானதும் அடுத்து அளவுக் கணக்கு. 1:100 என்பது கணக்குக்கு எளிதான அளவு. அசலில் ஒரு மீட்டர், மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். ஏறக்குறைய 56.7 மீட்டர் நீளமுள்ள பீரங்கித் தளம் உங்கள் மேசையில் 56.7 செ.மீ. ஆகிறது, நடுத்தர உயரமுள்ள மாலுமி 17 மி.மீ. ஆகிறான். அந்த 17 மி.மீ. மனிதனை ஓர் அட்டையில் வெட்டி எப்போதும் வேலைமேசையில் நிறுத்தி வைத்திருங்கள். கைப்பிடிச் சுவர் அவனுடைய தலைக்கு மேலே போகிறதா, சன்னல் அவன் குனிந்து நுழையும் கதவுபோல் இருக்கிறதா, சிற்பத்தின் முகம் அவன் முகத்தைப்போல் ஐந்து மடங்கு பெரிதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மரத்தின் தேர்வும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். கிட்டுகளில் அதிகம் வரும் வால்நட் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியும் நுண்துளைகள் உண்டு. 0.3 மி.மீ. அகலமுள்ள ஒரு துளை அசல் கப்பலில் 3 செ.மீ. விரிசலாகும்; அப்படிப்பட்ட பலகையை எந்தக் கப்பல் தச்சனும் தொட்டிருக்க மாட்டான். வண்ணம் பூசாமல் விடும் இடங்களுக்குப் பேரி மரமோ பாக்ஸ்வுட்டோ பயன்படுத்துங்கள். இவற்றின் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், அவ்வளவு நெருக்கமானது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட, பெரும்பாலும் 1:48 அளவிலான மாதிரிகளில் இத்தகைய மரங்கள்தான் மிகுதியாகக் காணப்படுகின்றன. 300 ஆண்டுகள் கழித்தும் அவற்றின் விளிம்புகள் மழுங்காமல் நிற்கின்றன.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் முதல் அடுக்குக்கு வருகிறேன். அலங்காரம் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். என்னுடைய இரண்டாவது கப்பலில், இடது பக்கத்துப் பின் உலாமாடம் வலது பக்கத்தைவிட 2 மி.மீ. தாழ்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தாலொழியத் தெரியாத அந்தக் கோணல், நான்கு மாதம் செதுக்கிய சிற்பங்களைப் பின்புறத்தில் ஒட்டிய அன்று பளிச்சென்று தெரிந்தது. தூண்கள் சாய்ந்து நின்றன, நடுச் சின்னம் நடுவில் இல்லை, எதைத் திருத்தினாலும் மற்றொன்று கோணியது. ஆகவே இரண்டாவது அடுக்கைத் தொடங்குமுன் கப்பலைச் சமதளத்தில் அசையாமல் நிறுத்தி, ஒரு மரக்கட்டையில் பென்சிலைக் கட்டி, ஒரே உயரத்தில் இருபக்கமும் கோடுகள் இழுத்துப் பாருங்கள். பீரங்கி வாயில்களின் கீழ்விளிம்பு, மேல்விளிம்பு, உலாமாடத்தின் அடி ஆகிய மூன்று இடங்களிலாவது இருபுறமும் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் இப்போதே உப்புத்தாள் போட்டோ மெல்லிய பட்டை ஒட்டியோ சரிசெய்துவிடுங்கள். முதல் அடுக்கை யாரும் பார்க்கப்போவதில்லை; அதில் எத்தனை ஒட்டு இருந்தாலும் குற்றமில்லை.

இரண்டாவது அடுக்கில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உடலைச் சுற்றி ஓடும் தடித்த பட்டையை முதலில் ஒட்டுங்கள். கப்பலின் வளைவை அதுதான் தீர்மானிக்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு மோல்டிங்கும் (மெல்லிய அணிப்பட்டையும்) அதற்கு இணங்கியே ஓட வேண்டும். 60 செ.மீ. பட்டையை முழுதாக ஒட்டாதீர்கள். அசல் பலகைகள் சுமார் 7 மீட்டர் நீளமுள்ளவை, ஆகவே உங்களுக்கு ஒவ்வொன்றும் 7 செ.மீ. வேண்டும். ஆங்கிலேய முறையில், ஒரே விலாச்சட்டத்தின்மேல் இரு மூட்டுகள் வந்தால் அவற்றுக்கிடையே குறைந்தது மூன்று முழுப் பலகை வரிசைகள் இருக்கும். வண்ணம் பூசிய பிறகும் சாய்ந்த வெளிச்சத்தில் இந்த மூட்டுகள் மங்கலாகத் தெரியும். அந்த மங்கலான தோற்றமே கப்பலுக்கு உயிர் கொடுக்கிறது.

மோல்டிங் பட்டைகளைக் கடையில் கிடைப்பதுபோல் தட்டையாக ஒட்டாமல் நீங்களே இழைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத வேலை இது. பழைய ரம்பப் பிளேடு ஒன்றை உடைத்து, அதன் விளிம்பில் ஊசி அரத்தால் வேண்டிய வடிவத்தைத் தலைகீழாக அராவிக்கொள்ள வேண்டும். 1.5 மி.மீ. அகலப் பாக்ஸ்வுட் பட்டையை ஒரு பலகையில் இரு முனையிலும் பிடித்து நிறுத்தி, பிளேடைச் சற்றே முன்சாய்த்து, எடையே கொடுக்காமல் இழுக்க வேண்டும். முதல் பத்து இழுப்பில் தூள் மட்டுமே வரும். பிறகு மயிரிழை போன்ற சுருள்கள் வரத் தொடங்கும். அந்த ஓசை மாறி, பிளேடு வழுக்கிக்கொண்டு போகும்போது வடிவம் முழுமையாகிவிட்டது என்று பொருள். அவசரப்பட்டு அழுத்தினால் ரேகை பிய்ந்துவிடும். ஒரு மாதிரிக் கப்பலின் தரத்தை நான் முதலில் இந்தப் பட்டைகளில்தான் பார்க்கிறேன், சிற்பங்களைப் பிறகுதான் பார்க்கிறேன். கூர்மையான நிழலோடு முனையிலிருந்து முனைவரை ஒரே ஓட்டமாகச் செல்லும் இரண்டு மோல்டிங்குகள், சுமாரான சிற்பத்தைக்கூடத் தூக்கி நிறுத்திவிடும்.

செதுக்குவதைப் பற்றி. 1805இன் விக்டரிக்கு முன்முகச் சிற்பமும் பின்புறத்தின் மேல்விளிம்பு அணியும்தான் பெரிய வேலை, ஆகவே துணிந்து நீங்களே செய்யலாம் என்பது என் கருத்து. சிறகுக் குழந்தைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக்ஸ்வுட் கட்டை ஒன்றை உருவத்தைவிட 3 செ.மீ. நீளமாக வெட்டுங்கள், அந்த மிச்சம்தான் கைப்பிடி, கடைசிவரை அதை வெட்டக்கூடாது. ரேகை, உருவத்தின் கால்களின் வாக்கில் ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் கணுக்கால் உடைந்துவிடும். பக்கத் தோற்றத்தை ஒரு முகத்திலும் முன் தோற்றத்தை அடுத்த முகத்திலும் வரைந்து, இரண்டையும் நுண்வாளால் அறுத்தெடுத்தால் சதுரச் சதுரமான ஒரு பொம்மை கிடைக்கும். இதற்குமேல் அவசரமே கூடாது. முதலில் தலை, மார்பு, இடுப்பு ஆகிய மூன்று திரட்சிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை மட்டும் வெட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கைகால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களை 0.5 மி.மீ. துளைப்பானால் குடைந்தெடுங்கள். இடைவெளி ஆழமாக விழுந்தால்தான் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து வரும். முகம் கடைசி. இந்த அளவில் கண்ணைச் செதுக்க முடியாது, செதுக்கவும் கூடாது. புருவத்துக்குக் கீழே ஒரு சிறு பள்ளம், மூக்கின் மேடு, உதட்டுக்குக் கீழே ஒரு கீறல், இவ்வளவு போதும். மீதியை நிழல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய கைகளில் நீர்போன்ற சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு ஊறவிட்டுக் காயவைத்தால் நார் இறுகி, கத்தி சறுக்காமல் வெட்டும். முதல் மூன்று குழந்தைகள் தேறாமல் போகலாம். நான்காவதை, தள்ளிவைத்த மூன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பது தெரியும்.

வார்ப்புச் சிற்பங்களைத்தான் பயன்படுத்துவேன் என்றால் அதிலும் தவறில்லை, ஆனால் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். வார்ப்பின் பின்பக்கம் தட்டையாக இருப்பதால், அது கப்பலின் வளைவில் உட்காராமல் ஒட்டவைத்த வில்லைபோல் தெரியும். பின்பக்கத்தை அராவி மெலிதாக்கி, வளைவுக்கு ஏற்ப மெல்ல வளைத்து ஒட்டுங்கள். அடுத்து, அச்சில் மழுங்கிப்போன பள்ளங்களைக் கத்திமுனையால் மீண்டும் வெட்டுங்கள். பொம்மைத்தனத்துக்குக் காரணம் உலோகம் என்பதைவிட அந்த ஆழமின்மை என்றே சொல்வேன். அந்த உலோகத்தில் ஈயம் கலந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொன்வண்ணத்துக்கு வருவோம். புட்டியில் வரும் பொன்நிறப் பெயின்ட்டில் இருப்பவை உலோகச் செதில்கள். 1:100இல் அவை மணல் துகள்போல் தெரியும்; இரண்டு பூச்சுப் பூசினால் நீங்கள் பாடுபட்டு வெட்டிய பள்ளங்களும் நிரம்பிவிடும். தங்க ரேக்கு ஒரு மைக்ரானில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனமே உள்ளது. எந்த நுணுக்கத்தையும் மறைக்காது. செங்காவி நிறத்தில் அடிப்பூச்சுப் பூசி, பசைப்பூச்சு இலேசாகப் பிசுபிசுக்கும் பதத்தில் ரேக்கை வைத்து மென்தூரிகையால் ஒற்றினால், விடுபட்ட பள்ளங்களில் செங்காவி தெரிந்து பொன்னுக்கு ஒரு வெதுவெதுப்பைத் தரும். மின்னல் அதிகமாக இருந்தால் நீர்த்த பழுப்பு வண்ணத்தால் கழுவிவிடலாம். ஆனால் இங்கும் ஆண்டைக் கேளுங்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் செதுக்கு வேலைகள் பெரும்பாலும் பொன் பூசப்படாமல் மஞ்சள் காவியால்தான் தீட்டப்பட்டன. விக்டரிக்கு என் பரிந்துரையும் அதுதான்: மஞ்சள் காவியைப் பூசி, பள்ளங்களில் நீர்த்த பழுப்பை ஓடவிட்டு, மேடுகளில் வெளிறிய மஞ்சளை உலர்ந்த தூரிகையால் தொட்டுக்கொண்டு போங்கள். ரேக்கை வேறொரு நாள் வேறொரு கப்பலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பைக் கறுப்பாகவே பூசாதீர்கள். சிறிய பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், பெரிய கப்பலைத் தூரத்திலிருந்து காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். அதனால் எல்லா வண்ணங்களிலும் சிறிது வெண்மையோ சாம்பலோ கலந்தால்தான் அளவுக்குப் பொருந்தும். மினுக்கமில்லாத பூச்சாக இருக்கட்டும். நெல்சன் தன் கப்பல்களின் பாய்மரங்களில் இருந்த இரும்பு வளையங்களை மஞ்சளாகத் தீட்டச் செய்தார், எதிரிக் கப்பல்களின் வளையங்கள் கறுப்பாக இருந்ததால் புகைமூட்டத்தில் தன் கப்பல்களை அடையாளம் காண முடியும் என்பதற்காக. டிரஃபால்கர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் இந்த வளையங்களை மறந்துவிடாதீர்கள்.

செப்புத் தகடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசலில் ஒரு தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். உங்களுக்கு அது 12.2 மி.மீ.க்கு 3.6 மி.மீ. ஆணித் தலையை ஒன்றரை அங்குலம் என்றே வைத்துக்கொண்டாலும் 0.4 மி.மீ.தான் வரும், அதுவும் தகட்டோடு சமமாக அடிக்கப்பட்டது. கிட்டுகளில் வரும் குமிழ்போன்ற ஆணித் தடங்கள் அசலில் கைமுட்டி அளவாகிவிடும். ஆணித் தடமே இல்லாத தகடு எவ்வளவோ மேல். ஒட்டி முடித்ததும் கைரேகைகளைத் துடைத்தெடுத்துவிட்டு, மெருகெண்ணெய் பூசாமல் விட்டுவிடுங்கள். சில மாதங்களில் செம்பு தானாகவே பழுத்த நிறத்துக்கு வந்துவிடும்.

கயிறுகளை இன்னொரு கேள்விக்கு விட்டுவிடலாம், ஆனால் ஒரு பிழையை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டும். பழைய ஆவணங்களில் கயிற்றின் அளவு சுற்றளவாகத் தரப்பட்டிருக்கும், விட்டமாக அன்று. 24 அங்குல நங்கூர வடத்தின் விட்டம் ஏறக்குறைய 19 செ.மீ., மாதிரியில் 1.9 மி.மீ. அதை விட்டமென்று எடுத்துக்கொண்டால் 6 மி.மீ. வடம் கப்பலின் மூக்கிலிருந்து தொங்கும். பாய்மரங்களைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் ஊறி அடர்ந்த பழுப்பிலும், பருமல்களையும் (பாய் கட்டும் குறுக்குமரங்களையும்) பாய்களையும் இயக்கும் ஓடுகயிறுகள் வெளிறிய நிறத்திலும் இருக்கட்டும்.

கடைசியாக ஈயம். பழைய கிட்டுகளின் வார்ப்புகளில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். மரத்திலிருந்தும், சிலவகைப் பசைகளிலிருந்தும், சிலிகான் அடைப்பான்களிலிருந்தும் அசிட்டிக் அமில ஆவி மெல்ல வெளிப்படுகிறது. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் அது தங்கி ஈயத்தை அரித்து, ஈயக் கார்பனேட் என்னும் வெண்பொடியாக்கிவிடுகிறது. பீரங்கிகளும் சிற்பங்களும் உப்புப் பூத்ததுபோல் வீங்கி உதிர்ந்துபோன மாதிரிகள் பல உண்டு. பூச்சு இதை முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே பெட்டியின் சட்டத்துக்கு ஓக் மரத்தைப் பயன்படுத்தாதீர்கள், அமிலவாடை வீசும் சிலிகானைத் தவிர்த்துவிடுங்கள், அடிப்பலகையில் எதிரெதிர் மூலைகளில் தூசு புகாதபடி மெல்லிய துணி ஒட்டிய காற்றுத் துளைகளை விடுங்கள். ஈயம் கலந்ததென்று உறுதியாகத் தெரிந்தால் அந்த வார்ப்புகளைக் கப்பலில் ஒட்டாதீர்கள். அவற்றை முன்னால் நிறுத்திவைத்து, அளவுக்கு மட்டும் அவற்றைப் பார்த்துக்கொண்டு, பாக்ஸ்வுட்டில் செதுக்கத் தொடங்குங்கள்.